பொன்னுச்சாமியின் நிறமும் நூற்றெட்டுச் சுற்றும்

எங்கள் தெருவில் பொன்னுச்சாமிக்குப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இரண்டு பொருள் இருந்தன. ஒன்று அவருடைய சிவந்த நிறம். மற்றது, அந்த நிறத்தைக் காப்பாற்ற அவர் வைத்திருந்த கறுப்புக் குடை.

சங்கரன்கோவிலில் பிறந்து, சங்கரன்கோவில் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஒரு மனிதர் இவ்வளவு சிவப்பாக இருப்பது அதிசயம்தான். அவருடைய அப்பாவும் அம்மாவும் நம்மைப் போலத்தான் இருந்தார்கள். சாமி ஏதோ நினைப்பில் கை தவறிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்த சாமி அன்றைக்கே மறந்திருக்கும். வாங்கிக்கொண்டவர் ஐம்பத்து மூன்று வயது வரைக்கும் மறக்கவில்லை.

வேலை, விசைத்தறி ஷெட்டில். நான்கு தறியை ஒரே ஆளாகப் பார்த்துக்கொள்வார். தொழிலில் குறை சொல்ல முடியாது. காலை ஐந்து மணிக்கு உள்ளே போனால் விளக்கு வைத்த பிறகுதான் வெளியே வருவார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து போகிற அரைக் கிலோமீட்டர்தான் அவருக்கும் சூரியனுக்கும் நடுவில் மிச்சமிருந்த வம்பு. அதற்கும் வழி வைத்திருந்தார். எந்த ரதவீதியில் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் நிழல் விழும், எந்தக் கடையின் தகரம் எத்தனை அடி நீட்டிக்கொண்டிருக்கிறது, எந்த வேப்பமரத்தின் கிளையை வெட்டிவிட்டார்கள், எல்லாம் மனப்பாடம். நிழல் இல்லாத இடத்தில் குடை. குடைக்குக் கீழே தலையில் துண்டு. முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை இறக்கிப் பொத்தான் போட்டிருப்பார். சித்திரை மாதத்தில் அவரைப் பார்த்தால் பார்க்கிற நமக்கு வேர்க்கும்.

தெருமுனையில் டீக்கடை போட்டிருக்கும் மாரிக்கண்ணன் அவரோடு ஒன்றாம் வகுப்பு படித்தவர். குடையைக் கண்டதும் குரல் கொடுக்காமல் இருக்க மாட்டார்.

"வே பொன்னுச்சாமி, சூரியன் உம்மளத் தேடிக்கிட்டு இப்பத்தான் வடக்கு ரதவீதிப் பக்கம் போவுது. இந்தப் பக்கமா ஓடிரும்."

"நீரு அடுப்புல நின்னு கருவாடா ஆயிட்டீரு. உமக்கு மேனியப் பத்தி என்ன வே தெரியும்?"

"கருவாடுன்னாலும் நாலு பேரு ஆசையாத் திங்கான். உம்மள வச்சி என்ன செய்ய? கண்ணாடிப் பொட்டிக்குள்ளயா வைக்க?"

அந்த நிறத்துக்கு ஏற்ற பெண் வேண்டும் என்று பொன்னுச்சாமி மூன்று பெண்களைத் தட்டிக் கழித்தார். நாலாவது முறை அவருடைய அம்மா விளக்குமாற்றை எடுத்ததில்தான் ராயகிரி முத்துத்தாயைக் கட்ட ஒப்புக்கொண்டார். முத்துத்தாய் நாற்று நட்டும் களை எடுத்தும் வளர்ந்தவள். நல்ல கறுப்பு. கல்யாண போட்டோ எடுத்தவர் படாத பாடு பட்டார். விளக்கைக் குறைத்தால் பெண் தெரியவில்லை. கூட்டினால் மாப்பிள்ளை தெரியவில்லை.

"ரெண்டுல யாரு தெரிஞ்சா என்ன? தாலி ஏறியாச்சில்ல. எடுத்துத் தொலைங்க, பசிக்கி" என்றாள் முத்துத்தாய். மணமேடையில் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அடுத்த வருஷம் பிரசவம். பெண் குழந்தை பிறந்தது, ஆனால் அழவில்லை. உள்ளே நர்சுகள் ஓடுகிறார்கள். வெளியே நின்ற பொன்னுச்சாமி சுவரில் தலையை முட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியே கேட்கும்படி கத்தினார்.

"ஆத்தா கோமதி! எம்புள்ள அழுதிரட்டும்! ஆடியில ஒங்கோயில நூத்தியெட்டுச் சுத்து சுத்துதேன் தாயே!"

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் குழந்தை வீரிட்டது. கோமதியம்மன் அப்படித்தான். கேட்கிறவன் யார், எப்பேர்ப்பட்டவன் என்று பார்த்துக்கொண்டு நிற்க மாட்டாள்.

நர்சு வெளியே வந்து, "பொட்டப்புள்ள. நல்லாருக்கு" என்றார்.

பொன்னுச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "கலரு எப்படிம்மா?"

"அவங்க அம்மா மாதிரி."

அவர் இரண்டாவது முறையும் அழுதார். இது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பெண்ணுக்கு விஜிதா என்று பெயர் வைத்தார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஆடிச்சுற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆடித்தபசுக்குக் கொடியேறியதிலிருந்து தபசு நாள் வரைக்கும், நேர்ந்துகொண்டவர்கள் கோவில் பிரகாரத்தைச் சுற்றி நடப்பார்கள். நூற்றெட்டு, ஐந்நூறு, ஆயிரம் என்று அவரவர் நேர்ச்சை. அம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்கிறாள். நாம் நடந்து நடந்து அந்தக் கால்வலியில் ஒரு துளியை வாங்கிக்கொள்கிறோம் என்பது எங்கள் நம்பிக்கை. அந்த நாட்களுக்குள்ளேயே முடித்துவிட வேண்டும். இந்த வருஷம் பாதி, அடுத்த வருஷம் மீதி என்பது கிடையாது.

பொன்னுச்சாமி முடிக்கவில்லை. முதல் வருஷம் மட்டும் மூன்று சுற்று வந்தார். வெயில் ஏறியதும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அடுத்த வருஷம் தறியில் பாவு ஏற்றுகிற அவசரம் என்றார். அதற்கடுத்த வருஷம் சளி. விடியற்காலையில் சுற்றலாமே என்றால், "தறியை யாரு ஓட்டுவா?" என்பார். சாயங்காலம் சுற்றலாமே என்றால் கூட்டத்தில் மிதிபட முடியாது என்பார். வெயில் என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்க மாட்டார். இப்படியே இருபத்து நான்கு ஆடி போயிற்று. அம்மனும் ஒன்றும் சொல்லவில்லை. முத்துத்தாய்தான் வருஷம் தவறாமல் சொன்னாள்.

இருபத்தைந்தாவது வருஷம் இரண்டு காரியம் சேர்ந்து வந்தது. விஜிதா கல்யாணமாகி உள்ளூரிலேயே இருந்தாள். அவளுக்கு ஆவணியில் பிரசவம் என்று நாள் குறித்துக் கொடுத்தார்கள். அந்த வருஷம் பங்குனியில் பொன்னுச்சாமிக்குக் கால் விழ ஆரம்பித்தது.

முதலில் தொடையில் வலி. பிறகு இடுப்பு. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் எழுந்திருக்க ஆள் வேண்டியிருந்தது. பஸ் படியில் ஏற, கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்கிப் போட்டார். நடை, இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து வாத்து நடை ஆனது.

முத்துத்தாய் சோற்றுக் கரண்டியோடு முன்னால் வந்து நின்றாள்.

"எம்புள்ள செத்துப் பொழச்சி வந்த நேர்ச்ச அது. வருசா வருசம் தள்ளிப் போட்டீங்க. இப்ப அவ வயித்துல ஒண்ணு கெடக்கு. அது பொறக்குதுக்கு முன்னால, இந்த ஆடியில நூத்தியெட்டையும் முடிக்கீங்க. முடிக்கல, நான் ராயகிரிக்குப் போயிருவேன். நீங்களே பொங்கித் தின்னுங்க."

பொன்னுச்சாமிக்கும் உள்ளே பயம்தான். மகள் என்றால் உயிர். "நடக்கக் கால் இருந்தா நடக்க மாட்டேனா முத்துத்தாய்?" என்றார். கால் நன்றாக இருந்த இருபத்து நான்கு வருஷத்தை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ரூபியா என்று ஒரு டாக்டர் புதிதாக வந்திருந்தார். கடையநல்லூர்ப் பெண். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சொரங்கத்துலயா அண்ணாச்சி வேலை?"

"தறிம்மா. ஷெட்டுல."

"வெயில்ல போறதே இல்லையா?"

"போனா கறுத்துருமேம்மா."

டாக்டர் காகிதத்தைக் கீழே வைத்தார். "வைட்டமின் டி இருபதுக்கு மேல இருக்கணும். உங்களுக்கு ஆறு இருக்கு. வெயிலு மேல படாம எலும்பு மெலிஞ்சி போச்சி, சதையும் பலம் இல்ல. இது இங்கன நெறைய பேருக்கு உண்டு. ஷெட்டுக்குள்ளயே கெடக்கவங்க, வீட்ட விட்டு எறங்காத பொம்பளைங்க. ஆனா குடை பிடிச்சித் தேடிப் போயி வாங்கிட்டு வந்தது நீங்க ஒரு ஆளுதான்."

வாரத்துக்கு ஒன்றாகப் பாலில் கலந்து குடிக்க எட்டுப் பொடிப் பொட்டலம் எழுதிக் கொடுத்தார். முட்டை, மீன் சேர்க்கச் சொன்னார். "காலைல ஒரு பத்து மணிக்கு, கையும் காலும் முதுகும் தொறந்து, கால் மணி நேரம் வெயில்ல நில்லுங்க. தோலு சிவந்து எரிஞ்சா உடனே நிழலுக்கு வந்திரணும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். ஆடிக்குள்ள கால் தேறிரும்."

மருந்துக்கடையில் பொட்டலத்தை வாங்கிப் பார்த்த பொன்னுச்சாமி அதை உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்தார். மேலே மஞ்சளாக ஒரு சூரியன் படம் போட்டிருந்தது. வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தது. வெயிலைத்தான் காயவைத்து, இடித்து, பொடியாக்கி அடைத்திருக்கிறார்கள் என்று அவர் முடிவு செய்துவிட்டார். வெளியே அடிக்கிற வெயிலுக்குக் குடை உண்டு. உள்ளே குடித்த வெயிலுக்கு என்ன உண்டு? குடலிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தால் யார் பொறுப்பு?

எட்டுப் பொட்டலத்தையும் பூஜை மாடத்தில் அம்மன் படத்துக்குப் பின்னால் சொருகினார். முத்துத்தாயிடம், ஷெட்டில் பால் வாங்கிக் கலந்து குடிப்பதாகச் சொன்னார்.

மிச்சம் இருப்பது வெயிலில் நிற்பது. அதற்கு ஷெட்டிலேயே வசதி இருந்தது. கூரையில் வெளிச்சத்துக்காக ஒரு கண்ணாடி ஓடு போட்டிருந்தார்கள். அதன் வழியாகத் தரையில் ஒரு பாய் அகலத்துக்குச் சதுரமாக வெளிச்சம் விழும். பொன்னுச்சாமி முக்காலியைப் போட்டு அதில் உட்கார்ந்தார். வெளிச்சம் நகர நகர முக்காலியையும் நகர்த்தினார். நான்கு தறிக்கு நடுவே ஒரு மனிதர் பூனை மாதிரி வெயிலைத் தேடித் தேடி உட்காருவதைப் பார்க்க மற்ற தறிக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். மூன்று வாரம் இப்படிப் போனது. கால் இன்னும் மோசமானது.

"கண்ணாடி வழியா வெளிச்சம் வரும் அண்ணாச்சி, எலும்புக்கு வேண்டியது வராது. மொட்டை மாடிக்குப் போங்க" என்றார் டாக்டர்.

மொட்டை மாடி! பொன்னுச்சாமி மறுநாள் காலையில் ஒரு யோசனையோடு எழுந்தார்.

எங்கள் கோவிலில் புற்றுமண் பிரசாதம். தேமல், சொறி, படை எதுவானாலும் பக்தியோடு பூசினால் அம்மன் பார்த்துக்கொள்வாள். மேனிக்கு வருகிற கேட்டையெல்லாம் தடுக்கிற மண், வெயிலைத் தடுக்காதா? கறுப்பைத் தடுத்துவிட்டு வைட்டமினை மட்டும் உள்ளே விடும்படி அம்மனிடம் கேட்டுக்கொண்டால் போகிறது. கோவிலில் ஒரு சிட்டிகைதான் கிடைக்கும். அதோடு சேர்த்துக்கொள்ள, ராயகிரி மச்சான் வயல் வரப்பிலிருந்து ஒரு சாக்குப் புற்றுமண் வந்து இறங்கியது. அம்மன் மண்ணுக்கு ஒரு குறையும் சொல்லக் கூடாது. அதை அரை விரல் கனத்துக்குக் குழைத்துப் பூசிய புத்தியைத்தான் சொல்ல வேண்டும்.

தினமும் காலை பத்து மணிக்கு, ஷெட்டில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டு வந்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை மண் பூசி, கோவணத்தோடு பொன்னுச்சாமி மொட்டை மாடியில் நின்றார். கண் இரண்டும் பல்லும் மட்டும் தெரியும். முத்துத்தாய் பக்கத்தில் கூழ்வத்தல் காயப்போட்டிருந்தாள்.

"சும்மாதான நிக்கீங்க, காக்காயாவது விரட்டுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

காக்கைகள் முதல் நாள் பயந்தன. இரண்டாம் நாள் யோசித்தன. மூன்றாம் நாள் ஒன்று அவருடைய தோளில் உட்கார்ந்து வத்தல் தின்றது. மண் உதிர்ந்துவிடும் என்று அவர் கையை அசைக்கவில்லை.

டீக்கடையிலிருந்து பார்த்தால் மாடி தெரியும். மாரிக்கண்ணன் சும்மா இருப்பாரா?

"வே! பொம்மையச் சூளைக்கு எப்ப ஏத்துவாவ?"

"வைத்தியத்தக் கேலி பண்ணாதீரும் வே!"

"நான் எங்க கேலி பண்ணுதேன்? வெந்து எறங்கினதும் சொல்லும், நூறு ரூவாய்க்கு நானே வாங்கிக்கிடுதேன். கடை வாசல்ல கண் திருஷ்டிக்கு ஆகும்."

வைகாசி முழுக்க இந்தக் கூத்து. ஆனியில் ரத்தம் எடுத்தபோது, ஆறு ஏழாகியிருந்தது. டாக்டருக்குப் புரியவில்லை.

"தினமும் வெயில்ல நின்னீங்களா?"

"நின்னேம்மா. ஊரே பாத்துச்சி."

"பொடி?"

"குடிச்சேம்மா." அதை மட்டும் தரையைப் பார்த்துச் சொன்னார். மண்ணைப் பற்றி அவரும் சொல்லவில்லை, டாக்டரும் கேட்கவில்லை. எந்தப் படிப்பில் இதையெல்லாம் கேட்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

"அப்பம் குடல்ல ஏறலன்னு நினைக்கேன். திருநெல்வேலிக்கு எழுதித் தாரேன். பெரிய டாக்டரப் பாருங்க" என்று ரூபியா சீட்டு எழுதினார்.

பொன்னுச்சாமி சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாளை எண்ணினார். ஆடித்தபசுக் கொடியேற்றத்துக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருந்தது. விஜிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, "அப்பா, முடியலன்னா விடுங்கப்பா, ஆத்தா கோவிக்க மாட்டா" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள். அது அவரை இன்னும் குத்தியது. இரண்டு மாதம் தவறவிட்ட வெயிலை ஒரே நாளில் பிடித்துவிடுவது என்று கிளம்பினார்.

முத்துத்தாய் மகள் வீட்டுக்குப் போயிருந்த நாள் அது. மண் கிடையாது, துண்டு கிடையாது. முதுகிலும் மார்பிலும் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு பத்து மணிக்குச் சிமெண்டுத் தரையில் பாய் விரித்துக் குப்புறப் படுத்தார். பன்னிரண்டுக்குத் திரும்பி மல்லாக்கப் படுத்தார். எரிந்தது. எரிகிறது என்றால் ஏறுகிறது என்று பல்லைக் கடித்தார். அப்பளம்கூட இப்படி இரண்டு பக்கமும் திருப்பிக் கொடுத்து வேகாது.

மூன்று மணிக்கு வத்தல் அள்ள வந்த முத்துத்தாய் கண்டது, வாந்தி எடுத்துக் கிடந்த புருஷனை. பேச்சு குழறியது. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. முதுகில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. அவள் போட்ட சத்தத்தில் மாரிக்கண்ணன்தான் முதலில் ஓடி வந்தார். குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றி, ஈரத்துண்டைப் போர்த்தி, ஆட்டோவில் தூக்கிப் போட்டார். அன்றைக்கு அவர் ஒரு கேலியும் சொல்லவில்லை.

ரூபியா டாக்டர் குளுக்கோஸ் ஏற்றி, உடம்புச் சூட்டை இறக்கி, ஆள் கண் திறந்து பேசும் வரைக்கும் பொறுத்துக்கொண்டார். பிறகுதான் ஆரம்பித்தார்.

"அஞ்சு மணி நேரம்! இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா மூளைக்கு ஏறியிருக்கும், உசுரே போயிருக்கும். உங்களுக்கு நடுவுல ஒண்ணுமே கெடையாதா அண்ணாச்சி? ஒண்ணு வெயிலே ஆகாது, இல்லன்னா வடை மாதிரி வேகணும்! இந்தா பாருங்க, இப்படி எரிஞ்சி எரிஞ்சி தோலு கெட்டா, பின்னால புத்துநோயி வரைக்கும் இழுத்து விட்டுரும். இத்தன நாளா எப்படித்தான் நின்னீங்க மாடியில?"

"மண்ணப் பூசிக்கிட்டுல்லா நின்னாரு" என்றார் மாரிக்கண்ணன், இனிமேலும் மறைப்பது பாவம் என்று.

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பொன்னுச்சாமி பயந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் முத்துத்தாய் புருஷன் நெற்றிக்கு விபூதி எடுக்கப் பூஜை மாடத்தில் கைவிட்டாள். அம்மன் படம் சாய்ந்தது. பின்னாலிருந்து எட்டுச் சூரியன்கள் சிரித்துக்கொண்டு ஒன்றன் பின் ஒன்றாகக் கீழே விழுந்தன.

அவள் எட்டையும் முந்தியில் முடிந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஒன்றைக் கிழித்துப் பாலில் கலக்கினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"வாயத் தொறங்க."

"ஏ முத்துத்தாய், அது உள்ள போயி கறு..."

"நீங்க கட்டுன பொம்பள கறுப்பு. பெத்த புள்ள கறுப்பு. கும்பிடுத சாமி சிலையும் கறுப்பு. நீங்க மட்டும் சிவப்பா இருந்து யாருக்கு என்ன ஆவப்போவுது? தொறங்க வாய."

திறந்தார்.

பத்து நாளில் தோல் உரிந்தது. பழைய சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்த மாதிரி முதுகிலும் தோளிலும் மூக்கு நுனியிலும் ஒரு திட்டு கறுப்பு, ஒரு திட்டு வெளுப்பு, ஒரு திட்டு ரோஜா நிறம். அரை நூற்றாண்டு குடை பிடித்துக் காத்த நிறம் பாயோடு சுருட்டி வைக்கும்படி ஆயிற்று. பொன்னுச்சாமி கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

அதற்குப் பிறகு வைத்தியம் முத்துத்தாய் கைக்கு வந்தது. வாரா வாரம் அவள் கண் முன்னால் பொடி. தினமும் முட்டை. தோல் ஆறியதும் டாக்டர் சொன்னபடி பத்து மணிக்கு மாடி. அவளும் கடிகாரத்தோடு கூடவே உட்காருவாள். கால் மணி ஆனதும், "எறங்குங்க" என்பாள். ஒரு நிமிஷம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கொடியேறுகிற நேரத்துக்குக் கால் முக்கால்வாசி தேறியிருந்தது. தரையிலிருந்து ஒரு கையை ஊன்றி எழுந்தார். வாத்து நடை பாதியாகக் குறைந்திருந்தது.

"ஒரு நாளைக்குப் பத்து, பதினொண்ணு. மெதுவா. தண்ணி குடிச்சிக்கிட்டு" என்று டாக்டர் அனுமதி கொடுத்தார்.

முத்துத்தாய் நூற்றெட்டுப் புளியங்கொட்டையை ஒரு பையில் போட்டுக்கொண்டு கோவில் மண்டபத் தூணோரம் உட்கார்ந்தாள். புருஷன் ஒரு சுற்று முடித்து முன்னால் வந்தால் ஒரு கொட்டையை மடியில் போடுவாள். ஷெட்டில் பத்து நாள் லீவு சொல்லிவிட்டுப் பொன்னுச்சாமி நடக்க ஆரம்பித்தார்.

இரண்டாம் நாளே திருட்டு வெளிப்பட்டது. நடக்க முடியாத மனிதர் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வந்து வந்து நின்றார். முத்துத்தாய் எழுந்து போய்ப் பார்த்தாள். வெயில் விழும் மூலை வந்ததும் அவர் மண்டபத்துக்குள் புகுந்து, தூண்களுக்கு நடுவே குறுக்கு வழியாக அந்தப் பக்கம் வெளியேறிக்கொண்டிருந்தார். ரதவீதி நிழலை மனப்பாடம் செய்த மூளை அல்லவா, கோவிலுக்குள் மட்டும் மழுங்குமா?

"நேத்து சுத்துனதுல ஆறு செல்லாது. இன்னைக்கு நாலு செல்லாது" என்று மடியிலிருந்த கொட்டைகளைப் பைக்குள் திருப்பிப் போட்டாள்.

"ஏட்டி! பத்தா? அம்மனே கேக்கல, நீ கேக்க!"

"அவ ஒத்தக் கால்ல நிக்கா, அவளால எந்திரிச்சி வந்து பாக்க முடியாது. நான் வந்து பாப்பேன்."

அதனால்தான் கடைசி நாளில் பதினெட்டுச் சுற்று பாக்கி விழுந்தது. மறுநாள் தபசு, அப்போது ஊரே உள்ளே நெருக்கும், நொண்டிக் காலோடு நடக்க முடியாது. விடியற்காலையிலிருந்து அவர் ஒன்பது சுற்று முடித்தபோது மணி ஒன்பதரை. ஒன்பது மிச்சம். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. கால் வெடவெடவென்று ஆடியது. பொன்னுச்சாமி தூணடியில் உட்கார்ந்துவிட்டார்.

"அடுத்த வருசம்..." என்று ஆரம்பித்தார்.

முத்துத்தாய் பையிலிருந்த ஒன்பது கொட்டைகளை அவர் முன்னால் கல்லில் பரப்பி வைத்தாள். அவ்வளவுதான். அவள் பயந்துபோயிருந்தாள். வாய் பேசுகிறவள் பேசாமல் இருந்தால்தான் அவருக்கும் பயம்.

அவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். விரித்தார். பத்து அடி போவதற்குள் பின்னாலிருந்து நாலைந்து குரல்.

"ஏ அண்ணாச்சி, குடைய மடக்கும்! கண்ணுல குத்துது!"

"சாமி சுத்துத எடத்துல குடை என்ன வே குடை? மழையா பெய்யுது?"

மடக்க வேண்டியதாயிற்று. மடக்கிய குடையைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை; கால் மடங்கியது. ஊன்றினார். ஊன்றிப் பார்த்தால் நடக்க வந்தது. உரிந்த மூக்கும் திட்டுத் திட்டான தோளுமாக, சட்டை இல்லாமல், குடையைத் தடியாக ஊன்றி பொன்னுச்சாமி பிரகாரத்தைச் சுற்றினார். ஒவ்வொரு சுற்றுக்கும் முத்துத்தாய் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். அவர் மண்டபத்து நிழலில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத் திரும்ப வெயிலில் இறங்கினார். நூற்றெட்டாவது சுற்று முடிந்தபோது குடையின் நுனிக்கம்பி வளைந்துபோயிருந்தது. அம்மன் சந்நிதியில் விழுந்து கும்பிட்டார். எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திரும்பி வருகிறபோது மாரிக்கண்ணன் காசு வாங்காமல் டீ கொடுத்தார்.

"முப்பது வருசத்துல இன்னைக்குத்தான் வே உம்ம குடை ஒரு வேலை பாத்திருக்கு."

ஆவணி மூன்றாம் வாரம் விஜிதாவுக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரி வாசலில் பொன்னுச்சாமியும் முத்துத்தாயும் நின்றார்கள். அவர் சுவரில் முட்டிக்கொள்ளவில்லை, கத்தவில்லை. நூற்றெட்டையும் முடித்த மனிதர் என்ற தெம்பில் கைகட்டி நின்றார். உள்ளே குழந்தை பிறந்ததும் அழுதது. தெரு வரைக்கும் கேட்கும்படி அழுதது. முத்துத்தாய் கோவில் இருக்கும் திசையைப் பார்த்துத் தரையில் விழுந்து கும்பிட்டாள்.

நர்சு வெளியே வந்தார். "பொட்டப்புள்ள. மூணு கிலோ. அம்மாவும் புள்ளையும் சொகம்."

பொன்னுச்சாமிக்குக் கண்ணீர் வழிந்தது. துண்டால் துடைத்தார். தொண்டையைச் செருமினார். முத்துத்தாய் இருக்கும் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, நர்சிடம் ரகசியமாகக் கேட்டார்.

"கலரு எப்படிம்மா?"

தரையில் கிடந்த முத்துத்தாய் எழுந்திருக்கவில்லை. கும்பிட்ட கையை எடுக்காமல் தலையை மட்டும் தூக்கினாள்.

"ஆத்தா கோமதி" என்று கோவில் பக்கம் பார்த்துச் சத்தமாக ஆரம்பித்தாள். "அடுத்த ஆடியில எம்வீட்டுக்காரரு ஒங்கோயில ஆயிரத்தெட்டுச் சுத்து..."

"ஏட்டி! ஏட்டி, நிறுத்து!" பொன்னுச்சாமி பாய்ந்து போய் அவள் வாயைப் பொத்தினார். "நான் எடைதான் கேட்டேன், எடைதான் கேட்டேன்!"

"எடைதான் சொல்லியாச்சே அண்ணாச்சி, மூணு கிலோ" என்றார் நர்சு.

"அதத்தாம்மா இன்னொரு மட்டம் கேட்டேன்" என்றார் பொன்னுச்சாமி.